அலகற்ற எண் யார் பக்கம்?

கணினி எண்களை மட்டுமே அறியும்; அலகுகளைக் கவனித்துக்கொள்வது மனிதனின் வேலை என்று கூறுவோர் நம்மிடையே பெருகியுள்ளனர். இவர்களுட் பலர் கற்றறிந்தவர்கள். சிலர் மென்பொருள் ஆக்கும் தொழிலில் ஈடுபட்டவர்கள். இன்னுஞ் சிலர் நம்மைப் போன்ற ஆசிரியர்கள். மேற்போக்காகப் பார்க்கும்போது இவர்களது வாதம் அடக்கமான ஒன்றாகவே தோன்றும். இயந்திரத்தின் எல்லை இதுவென ஒப்புக்கொள்வது போன்ற ஒரு தொனி அதிலே உண்டு. ஆயின் இவ்வாதம் நடுநிலையானதன்று என்பதே நமது கட்சி. எண்ணிலிருந்து அலகை உரித்தெடுக்கும் போதெல்லாம் நட்டம் ஒரு பக்கமாகவே சாய்கின்றது. அது எந்தப் பக்கம் என்பதை ஆராய்வதற்குப் பெரிய தத்துவ நூல்கள் வேண்டியதில்லை. வினாயகபுரத்திலிருந்து கல்முனை வரையுள்ள நமது கரையோரத்து நெற்கணக்கே போதும்.

விரிதாள் என்னும் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். நெல் ஆலையும் உரக்கடையும் பாடசாலை அலுவலகமும் இன்று இதிலேதான் கணக்கெழுதுகின்றன. ஒரு கட்டத்தில் 75 என்று எழுதுகிறோம். அது 75 கிலோவா, 75 மூடையா, 75 ரூபாயா, 75 பேர்ச்சா? இயந்திரத்துக்குத் தெரியாது. 75 மூடையையும் 75 ரூபாயையும் கூட்டச் சொன்னால் சற்றுந் தயங்காமல் 150 என்று விடை தரும். அலகு மாற்றுவதற்கென ஒரு சூத்திரத்தை அது வைத்திருப்பது உண்மையே. இறாத்தலைக் கிலோவாக்கு என்றால் ஆக்கித் தரும். ஆனால் தந்த மறுகணமே அந்த விடையும் வெறும் எண்ணாகிவிடும். தான் கிலோ என்பதை அதுவே மறந்துவிடும். கட்டத்தின் தலைப்பிலே 'கிலோ' என்று எழுதிவிடலாமே என்பார்கள். தலைப்பு கடையின் பெயர்ப்பலகை போன்றது. உள்ளே நடக்கும் வியாபாரத்தை அது கட்டுப்படுத்துவதில்லை. விரிதாளின் கட்டத்தை நம்மிற் பலர் 'கலம்' என்று மொழிபெயர்த்து வழங்குகிறோம். கலம் என்பதோ பழைய முகத்தலளவை ஒன்றின் பெயர். பெயரிலே அளவு இருக்கிறது, உள்ளேதான் இல்லை.

தமிழ் படித்தவர்கள் என்ற முறையில் இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமற் செல்ல மனம் வரவில்லை. தொல்காப்பியர் எண்ணுப்பெயரைத் தனியே விட்டுவிடவில்லை. அது அளவுப்பெயரோடும் நிறைப்பெயரோடும் எவ்வாறு புணரும் என்று விதி வகுத்தார். மூன்று என்பது நாழியோடு சேர்ந்தால் முந்நாழி; கலத்தோடு சேர்ந்தால் முக்கலம். அலகைத் தொட்டவுடன் எண்ணின் உருவமே மாறுகிறது. எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என அளவையை நான்காகப் பகுத்து வழங்கிய மரபும் நம்முடையதே. எடுத்தலளவையையும் நீட்டலளவையையும் கூட்டக்கூடாது என்பது இந்தப் பாகுபாட்டுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. இன்று பௌதிகவியலார் பரிமாணப் பகுப்பு என்று கூறுவதன் வித்து இதுதான். பழம்பெருமை பேசுவதற்காக நாம் இதைச் சொல்லவில்லை. தமிழன் அன்றே கணினி கண்டான் என்று மேடையேறும் கூட்டத்தோடு நமக்கு எவ்வித உறவுமில்லை. நெல்லை அளந்து கொடுத்தவனும் அளந்து வாங்கியவனும் ஒருவரோடொருவர் பேசிய மொழியிலே எண்ணும் அலகும் பிரியாமல் இருந்தன என்பதையே சுட்டுகிறோம். அவற்றைப் பிரித்தது இயற்கை நியதியன்று. மென்பொருளை வடிவமைத்தவர்களின் தெரிவு.

இனி நமது புசலுக்கு வருவோம். புசல் என்பது ஆங்கிலேயர் கொண்டுவந்த முகத்தலளவை. பிரித்தானியப் புசல் ஏறத்தாழ 36.37 இலீற்றர், அமெரிக்கப் புசல் 35.24 இலீற்றர். ஆனால் இலங்கையில் நெல்லைப் பொறுத்தவரை ஒரு புசல் என்பது 46 இறாத்தல், அதாவது 20.87 கிலோ. முகத்தல் எடுத்தலாக மாறிவிட்டது. அமெரிக்காவிலும் நெற்புசல் நிறையாக மாறியதுண்டு. ஆயின் அங்கே அது 45 இறாத்தல். ஓர் இறாத்தல்தானே என்று தோன்றலாம். 100 புசலுக்கு அது 45 கிலோவுக்கு மேல் வித்தியாசம். இப்போது ஒரு கணித மென்பொருளிடம் 'புசல்' என்று சொல்லிப் பாருங்கள். பைதன் மொழியில் அலகுகளைக் கையாளும் 'பின்ற்' என்னும் இலவச நூலகம் அதனை அமெரிக்கக் கொள்ளளவாகவே எடுத்துக்கொள்ளும். பிரித்தானியப் புசல் வேண்டுமானால் அதற்கென 'ஏகாதிபத்திய' என்ற அடைமொழியைச் சேர்த்து எழுத வேண்டும். நமது புசல் அங்கே இல்லவே இல்லை. கலனும் அவ்வாறே. அடைமொழியின்றி எழுதினால் 3.785 இலீற்றர் கொண்ட அமெரிக்கக் கலன் வந்து நிற்கும். நம் பாட்டனார் அறிந்த கலனோ 4.546 இலீற்றர். பழைய கிருமிநாசினிக் குறிப்பொன்றில் 'ஒரு கலனுக்கு இத்தனை அவுன்ஸ்' என்று கண்டவர் இம்மென்பொருளை நம்பிக் கலந்தால் மருந்தின் செறிவு ஐந்திலொரு பங்கு கூடிவிடும். அடைமொழி இல்லாமல் வாழும் உரிமை யாருடைய அளவுக்கு உண்டு, அடைமொழி சுமக்க வேண்டியது யாருடைய அளவு, பட்டியலுக்கே வராதது யாருடைய அளவு என்று பார்த்தால், உலக அரசியலின் வரைபடமொன்று அந்தப் பட்டியலிலே விரிந்து கிடப்பதைக் காணலாம்.

புசலாவது ஓர் அலகு. மூடை அலகே அன்று. அது ஒரு சாக்கு. மூடைக்கு எத்தனை கிலோ என்பதை வயலோரத்தில் வாங்குபவன் சொல்கிறான்; விற்பவன் கேட்டுக்கொள்கிறான். 65 என்று சொல்லும் வாய் 70 என்றுஞ் சொல்லும். 100 மூடையில் இந்த 5 கிலோ, 500 கிலோவாகிறது. அது ஏறத்தாழ 24 புசல் நெல். முன்னர் இது கைக்கணக்காக இருந்தபோது குறைந்தபட்சம் வாய்த் தகராறாவது நடக்கும். இப்போது அச்சடித்த துண்டு வருகிறது. அதில் 'மூடை 100' என்று மட்டும் இருக்கிறது. "கொம்பியூட்டரே சொல்லிவிட்டது" என்றவுடன் போடியாரின் காணியைக் குத்தகைக்குச் செய்கின்ற தமிழ் விவசாயியும் முஸ்லிம் விவசாயியும் ஒன்றாகவே வாயடைத்துப் போகிறார்கள். இனங்களைப் பிரித்து வைக்க எத்தனையோ சக்திகள் இங்கே இயங்குகின்றன. சாக்கின் நிறையைச் சொல்லாத துண்டு மட்டும் இருவரையும் சமமாகவே நடத்துகிறது.

அலகைத் துறந்த எண் வறியவனை மட்டுமா ஏமாற்றும், செல்வந்த நாடுகளிலும் இத்தகைய விபரீதங்கள் நடந்தனவே என்று கேட்கலாம். நடந்தன. 1999 செப்ரெம்பர் 23 அன்று செவ்வாயை அடைந்த நாசாவின் விண்கலம் அழிந்தது. லொக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்தின் மென்பொருள் கணத்தாக்கை இறாத்தல்-விசைச் செக்கனில் எழுதியது. பெற்றுக்கொண்ட மென்பொருள் அதை நியூற்றன் செக்கனென எடுத்துக்கொண்டது. ஒன்று மற்றதன் 4.45 மடங்கு. இக்கதை பலரும் அறிந்தது. அதைவிட நமக்குப் பாடமாவது 1983 ஜூலை 23 அன்று கனடாவில் நடந்தது. ஏர் கனடாவின் புதிய போயிங் 767 விமானம் மொன்றியலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மன்ரன் செல்ல 22,300 கிலோ எரிபொருள் தேவைப்பட்டது. விமானத்தின் எரிபொருள் காட்டி வேலை செய்யவில்லை. தாங்கியில் 7,682 இலீற்றர் இருப்பதாக அளந்தார்கள். அதனை நிறையாக்க 1.77 ஆற் பெருக்கினார்கள். 13,597 என்று வந்தது. மிகுதிக்கென 4,917 இலீற்றர் மட்டும் ஊற்றினார்கள். 1.77 என்பது ஓர் இலீற்றரின் நிறை, இறாத்தலில். கிலோவிலே அது 0.803. ஊற்றியிருக்க வேண்டியது 20,000 இலீற்றருக்கும் மேல். பாதி எரிபொருளோடு பறந்த அவ்விமானம் நடுவானில் இயந்திரங்கள் ஓய்ந்து, கிம்லி என்னும் இடத்திலிருந்த பழைய விமானத்தளத்தில் சறுக்கி இறங்கியது. 69 பேரும் உயிர் தப்பினர்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது பெருக்கலை அல்ல. பெருக்கல் முற்றிலுஞ் சரி. 1.77 என்ற மாறிலி எந்த அலகையும் தன்மேற் சுமக்காமல் வந்து சேர்ந்ததே கேடு. நாடு மெற்றிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்த காலம். அந்நிறுவனத்தில் கிலோவிலே கணக்கிடும் முதல் விமான வகை அதுவே. பழைய அளவைக்குரிய மாறிலி புதிய அளவைக்குரிய கணக்கினுள் நுழைந்தது. வாயிலில் நின்று 'நீ யார்?' என்று கேட்பார் இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்கும் வாயிற்காவலன் மென்பொருளுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பதுதான் நமது வாதத்தின் முழுமையும்.

நமது மண்ணோடு தொடர்புடைய இன்னொரு மாறிலியை இனிச் சற்று விரிவாகப் பார்ப்போம். அது பூமியின் ஆரை.

1802 ஆம் ஆண்டு வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலையருகே ஏழரை மைல் நீளமான அடிக்கோடு ஒன்றை உருக்குச் சங்கிலியால் அளந்தார். அங்கிருந்து வளர்ந்த பெரிய முக்கோண நிலஅளவையின் பேறாக, அவருக்குப் பின் வந்த ஜோர்ஜ் எவரெஸ்ற் 1830 இல் பூமியின் உருவத்தைக் கணித்து வெளியிட்டார். மத்தியகோட்டு ஆரை 20,922,931.80 அடி என்றார். தசமம் இரண்டு தானத்துக்குச் சொல்லப்பட்ட இந்த எண்ணில் அன்று முதல் இன்றுவரை ஓர் இலக்கமும் மாறவில்லை. ஆனால் அடி மாறியது. இந்திய நிலஅளவையின் அடி, இன்று உலகம் ஏற்றுள்ள 0.3048 மீற்றர் அடியன்று. அது எத்தனை மீற்றர் என்பதற்கு வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு விடைகள் கொள்ளப்பட்டன. 1937 ஆம் ஆண்டின் மதிப்பு 0.30479841. 1962 இன் மதிப்பு 0.3047996. 1975 இன் மதிப்பு 0.3047995. மாணவ நண்பர்கள் தாமே பெருக்கிப் பார்க்கலாம். முதலாவது அடி 6,377,276.345 மீற்றரைத் தரும். இரண்டாவது 6,377,301.243. மூன்றாவது 6,377,299.151. மலாயாவிலும் போர்னியோவிலும் இதே எவரெஸ்ற் உருவத்துக்கு வேறிரு மதிப்புகள் வழங்கின. பூமி ஒன்று, அளந்தவர் ஒருவர், எழுதிய எண்ணும் ஒன்று. அலகின் பெயர் மட்டும் 'அடி' என்று வெறுமனே நின்றதால் பூமியின் ஆரை ஏறத்தாழ 25 மீற்றர் விரிந்தும் சுருங்கியும் போயிற்று.

இலங்கையின் கண்டவல ஆதாரமும், அதற்குப் பின் வந்த 1999 ஆம் ஆண்டின் புதிய ஆதாரமும் 1937 இன் அடியையே தமது எவரெஸ்ற் உருவத்துக்குக் கொண்டுள்ளன. நமது நாட்டின் வரைபடக் கட்டங்களுக்கு மூலம் பீதுருதாலகாலை. அங்கிருந்து திருக்கோவில்–வினாயகபுரக் கரை ஏறத்தாழ 120 கிலோமீற்றர். 1937 இன் அடிக்குப் பதிலாக 1962 இன் அடியை ஒருவர் மென்பொருளிலே தெரிந்துவிட்டால், அகலாங்கு நெட்டாங்கிலிருந்து கட்டத்துக்கு வரும்போது இக்கரையிலுள்ள எந்தக் கல்லும் ஏறத்தாழ அரை மீற்றர் கடற்பக்கமாக நகர்ந்துவிடும். எல்லாக் கற்களும் சேர்ந்தே நகர்வதால், ஒரே கணக்கிற் செய்த காணிகளுக்கிடையே பிணக்கு எழாது. ஒரு கல்லைப் பழைய படத்திலிருந்தும் பக்கத்துக் கல்லைப் புதிய கருவியிலிருந்தும் எடுக்கும்போதுதான் வினை. 10 பேர்ச் வளவொன்று ஏறத்தாழ 253 சதுர மீற்றர். சதுரமாக இருந்தால் பக்கம் 16 மீற்றர். அதில் அரை மீற்றர் என்பது பேர்ச்சில் மூன்றிலொரு பங்கு, அதாவது ஒரு வேலித் தகராறு, ஒரு வழக்கு. இப்படி ஒரு பிழை நமது நிலஅளவையாளர்களால் நிகழ்ந்ததென்று நாம் கூறவில்லை. அது நிகழாமற் காப்பது எது என்பதே கேள்வி.

காப்பது ஒரு பட்டியல். உலகின் வரைபட மென்பொருள்கள் பெரும்பாலும் நம்பியிருக்கும் அந்தப் பட்டியலில் 'இந்திய அடி' என்று ஒன்றல்ல, நான்கு பதிவுகள் உள்ளன: வெறும் இந்திய அடி, 1937 இன் இந்திய அடி, 1962 இன் இந்திய அடி, 1975 இன் இந்திய அடி. ஒவ்வொன்றுக்கும் தனி இலக்கம், தனி மதிப்பு. இவ்வளவு நுணுக்கமாக நமது அடிக்கு ஆண்டு குறித்தவர் யார்? நமது பல்கலைக்கழகங்களா? இல்லை. அப்பட்டியலைத் தொகுக்கத் தொடங்கியது ஐரோப்பியப் பெற்றோலிய நிலஅளவைக் குழு; இன்றும் எண்ணெய், எரிவாயு உற்பத்தியாளர்களின் சர்வதேசச் சங்கமே அதைப் பேணுகிறது. துரப்பணக் குழாய் 25 மீற்றர் தவறினால் என்ன நட்டம் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆகவே அடிக்கு ஆண்டு குறித்தார்கள்.

இதுதான் நாம் தேடிய சான்று. கணினியால் அலகைச் சுமக்க இயலாது என்று நமக்குப் போதிக்கிறார்களே, அதே கணினி எண்ணெய் முதலாளிக்காக நான்கு வகை இந்திய அடிகளைச் சுமக்கிறது! இயலாமை இயந்திரத்தில் இல்லை. எவனுடைய நட்டம் கணக்கில் எடுக்கப்படுகிறதோ அவனுடைய எண்ணுக்கு அலகு உண்டு, ஆண்டு உண்டு, மூலம் உண்டு. எவனுடைய நட்டம் எவருக்கும் பொருட்டில்லையோ அவனுக்கு 'மூடை 100'. அந்தப் பட்டியலை நாம் பழிக்கவில்லை. அது யாவரும் எடுத்தாளத் திறந்தே கிடக்கிறது. நல்ல வேலை யார் செய்தாலும் நல்ல வேலையே. அந்த அக்கறை நெற்களத்துக்கு ஏன் வரவில்லை என்றே கேட்கிறோம்.

மாறிலிகளைப் பற்றி நம் வகுப்பறைகளில் நிலவும் மயக்கத்துக்கும் இதற்கும் தொடர்புண்டு. மாறிலி என்ற சொல்லே மாறாதது என்ற எண்ணத்தைத் தருகிறது. இயற்கையில் அது மாறாதிருக்கலாம். நமது அறிவில் அது மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 2019 மே 20 இல் சர்வதேச அலகு முறை திருத்தப்பட்டபோது பிளாங்கின் மாறிலி 6.62607015 × 10⁻³⁴ யூல் செக்கன் என்று வழுவின்றி வரையறுக்கப்பட்டது. அதற்கு முன் அது அளந்து பெறும் கணியம், வழுவுடன் கூடியது. மறுபுறம், வெற்றிடத்தின் காந்த ஊடுபுகவிடுமியல்பு அதுவரை 4π × 10⁻⁷ என வழுவின்றி வரையறுக்கப்பட்டிருந்தது. அன்று முதல் அது அளந்து பெறும் கணியமாயிற்று. வேறுபாடு பத்தாவது இலக்கமளவிலேதான் தலைகாட்டும்; ஆயினும் வரையறை வேறு, அளவீடு வேறு. ஈர்ப்பு மாறிலியோ இன்னும் 6.67430 × 10⁻¹¹ என்ற அளவில்தான் நிற்கிறது. அதன் கடைசி இரண்டு இலக்கங்களே ஐயத்துக்குரியவை. அந்த எண்ணைக் கணினியில் இட்டுப் பன்னிரண்டு தசமதானங்களில் விடை கண்டு மகிழும் மாணவனைக் கண்டிருக்கிறோம். அவனைக் குறை சொல்வதற்கில்லை. எண்ணோடு சேர்த்து அதன் வழுவையும், எந்த ஆண்டின் தொகுப்பிலிருந்து வந்தது என்பதையும் மென்பொருள் அவனுக்குக் காட்டவில்லை. மாறிலிகளுக்கான சர்வதேசக் குழு 2014, 2018, 2022 எனத் தன் தொகுப்பைத் திருத்திக்கொண்டே வருகிறது. மென்பொருளின் பதிப்பு மாறினால் அதனுள்ளிருக்கும் மாறிலியும் சந்தடியின்றி மாறலாம். நேற்று வந்த விடை இன்று வராதிருக்கலாம்.

அலகு இருந்தால் மட்டும் போதாது, மூலமும் வேண்டும் என்பதற்கு இக்கரை மக்களுக்கு விளக்கம் தேவையில்லை. 2004 டிசெம்பர் 26 இன் ஆழிப்பேரலைக்குப் பின், கரையிலிருந்து இத்தனை மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என்ற விதி வந்தது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர். வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். அலகு தெளிவாகவே இருந்தது. ஆனால் 200 என்பது எந்தக் கடலாழத்திலிருந்து, எந்த நிலவுயரத்திலிருந்து, எந்தக் கணக்கிலிருந்து பிறந்தது? மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் கடலுக்கும் வாவிக்கும் வயலுக்குமிடையே கீற்றாகக் கிடக்கும் நிலத்தில் 200 மீற்றரைக் கழித்தால் மிஞ்சுவது என்ன? விதி பின்னர் தளர்த்தப்பட்டது. மூலம் சொல்லப்படாத மாறிலியால் ஆளப்படுவது எப்படியிருக்கும் என்பதை இங்குள்ளோர் கூடாரங்களுக்குள் இருந்து கற்றனர்.

இனி எதிர்வாதங்கள். அலகைச் சுமந்தால் கணக்கு மெதுவாகும் என்பது முதலாவது. இது பழைய வாதம், விடையும் பழையதே. எப் ஷார்ப் என்னும் கணினி மொழியில் அலகுகள் நிரல் ஓடுவதற்கு முன்னரே சரிபார்க்கப்படுகின்றன. மீற்றரையும் செக்கனையும் கூட்ட முயன்றால் நிரல் உருவாகவே மறுக்கும். சரிபார்த்தபின் அலகுகள் நீக்கப்பட்டு வெறும் எண்களே ஓடும், வேகத்தில் இழப்பில்லை. எல்லாரும் சர்வதேச அலகையே பயன்படுத்தினால் தொல்லையில்லை என்பது இரண்டாவது. நம் நாட்டில் 1995 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் அளவீட்டு அலகுகளை ஒழுங்குபடுத்தி முப்பது ஆண்டுகளாகின்றன. இன்றும் காணி பேர்ச்சிலேயே விற்கப்படுகிறது, வயல் ஏக்கரிலேயே பேசப்படுகிறது. உரச் சிபாரிசு ஹெக்டேயரில் இருந்து, அதை ஏக்கரென வாசித்தால், இட்ட உரம் இரண்டரை மடங்காகும். மக்கள் பேசும் அலகு ஒன்றாகவும் சட்டத்தின் அலகு வேறாகவும் இருக்கும் காலத்திலேதான் வாயிற்காவலன் மிகவுந் தேவை. கனடாவில் நடந்ததும் அதுவே. மூன்றாவது, பெரிய பௌதிகவியலாளர்கள் ஒளியின் வேகத்தை 1 என்று வைத்து அலகுகளைத் துறக்கிறார்களே என்பது. துறவிக்கு வேந்தன் துரும்பு. ஆனால் துறவுக்கும் வறுமைக்கும் வேற்றுமை உண்டு. அவர்கள் எந்த அலகை ஒன்றாக்கினோம் என்பதை அறிந்து துறக்கிறார்கள், வேண்டும்போது மீட்டெடுக்கிறார்கள்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ளலாம். அலகு எல்லாப் பிழையையும் பிடித்துவிடாது. திருப்புதிறனும் நியூற்றன் மீற்றர், சக்தியும் நியூற்றன் மீற்றர். இரண்டையும் கூட்டினாலும் இயந்திரம் வாளாவிருக்கும். வெப்பநிலையும் வெப்பநிலை வேறுபாடும் இன்னொரு சிக்கல். பூட்டு எல்லாத் திருடரையும் தடுப்பதில்லை என்பதற்காகக் கதவைக் கழற்றி வைப்பாரில்லை.

மத்தக்காட் என்னும் மென்பொருள் நீண்டகாலமாக எண்ணையும் அலகையும் ஒன்றாகவே கையாண்டு வருகிறது. மத்தமற்றிக்காவில் 2012 முதல் இந்த வசதி உண்டு. இவை விலைக்கு வாங்குபவை. நம் பாடசாலைகளுக்கு எட்டாதவை. ஆயின் பின்ற் இலவசம். உயர்தரத் தகவல் தொழினுட்பப் பாடத்தில் நாம் கற்பிக்கும் மொழியோ பைதன். ஆக, கருவி கையிலேயே இருக்கிறது. பௌதிகவியல் விடைத்தாளில் அலகு எழுதாத மாணவனுக்குப் புள்ளி குறைக்கும் அதே பாடசாலை, அடுத்த கட்டடத்திலுள்ள கணினி அறையில் அவனை அலகின்றியே நிரல் எழுதப் பழக்குகிறது. இந்த முரண்பாட்டைப் பாடத்திட்டக் குழுக்கள் வந்து தீர்க்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. முதல் நிரலிலிருந்தே நிறைக்குக் கிலோவும் நீளத்துக்கு மீற்றரும் ஒட்டி எழுதும் வழக்கத்தை ஓர் ஆசிரியர் தன் வகுப்பிலே தொடங்கிவிடலாம்.

அடுத்தது பட்டியல். பின்றின் அலகு வரையறைகள் யாவும் எவரும் திறந்து வாசிக்கக்கூடிய சாதாரணக் கோப்பிலே உள்ளன. எவரும் அதில் ஒரு வரி சேர்க்கலாம். இலங்கை நெற்புசல் 46 இறாத்தல் என்று ஒரு வரி. பேர்ச் என்பது ஏக்கரின் 160 இல் ஒரு பங்கு என்று ஒரு வரி. அப்பெயரில் அங்கே வேறொன்று இருந்தால் நம்முடையதற்கு நாட்டின் பெயரைச் சேர்த்து ஒரு வரி. மூடைக்கு மட்டும் வரி எழுதக்கூடாது. எழுதப்படாத வரையில் 'மூடை' என்று யார் தட்டினாலும் மென்பொருள் அதை ஏற்க மறுக்கும். ஆலைத் துண்டை அச்சிடும் நிரலும் அவ்வாறு மறுத்து, 'எத்தனை கிலோ?' என்று கேட்க வேண்டும். துண்டிலே நிறை அச்சாகாமல் நெல்லை ஏற்றவிடுவதில்லை என்று விவசாயிகள் சங்கங்கள் தீர்மானித்தால் அந்த நிரலை ஒரு மாலைப்பொழுதில் நமது மாணவரே எழுதித் தருவர்.

அவணமும் மரைக்காலுந்தான் கடினமானவை. அவை நிலத்தின் பரப்பை நேரே அளக்கவில்லை. இத்தனை நெல் விதைக்கப் போதும் நிலம் என்று விதையால் அளந்தன. ஆகவே மண்ணுக்கு மண், ஊருக்கு ஊர் அவை விரிந்து சுருங்கும். இவற்றுக்கு ஒரே மதிப்பை இட்டு மூடிவிடுவது எவரெஸ்றின் அடிக்கு நேர்ந்ததையே மறுபடியும் செய்வதாகும். ஊரின் பெயரும் கேட்டறிந்த ஆண்டும் சேர்த்து, திருக்கோவில் அவணம், தம்பிலுவில் அவணம், அக்கரைப்பற்று அவணம், நிந்தவூர் அவணம் என்று தனித்தனியே பதிய வேண்டும். அவற்றை வாயாற் சொல்லக்கூடிய முதியவர்கள் ஒவ்வோர் ஊரிலும் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே எஞ்சியுள்ளனர். இந்தப் பெரும்போக அறுவடை முடிவதற்குள் மாணவர்கள் குறிப்பேட்டோடு அவர்களிடம் போய்விட வேண்டும்.